வேலையில்லாத முதலாளி

தன் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர், வேலையில்லாதோருக்கான உதவித்தொகையை வாங்கலாமா? இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கம்பெனியும் அதன் உரிமையாளரும் ஒருவரா, இருவரா? சொத்து உள்ளவர் இல்லாதவராக இருக்க முடியுமா? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கேட்காததைப் பேசாமல் விடுவது பொய்யாகுமா? முதல் கேள்வியைச் சட்டம் நூறாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. மற்ற இரண்டும் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருபவை. அந்த வாதங்களைக் கவனிக்காமல் விதிமுறைப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் பாதி விடைதான் கிடைக்கும்.

கம்பெனி தனி ஆள் என்ற கொள்கை 1897இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை வழங்கிய சாலமன் வழக்குத் தீர்ப்பால் நிலைபெற்றது. காலணி செய்து விற்ற சாலமன், தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மீதி ஆறும் குடும்பத்தாருடையவை. கம்பெனி நொடித்தபோது அதன் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்றது சபை. இதைவிட விநோதமானது நியூசிலாந்தில் நடந்த லீ வழக்கு. வயல்களுக்கு வானிலிருந்து உரம் தூவும் கம்பெனி ஒன்றின் 3,000 பங்குகளில் 2,999 லீயிடம் இருந்தன. அதன் இயக்குநரும் அவர்தான், சம்பளம் வாங்கும் விமானியும் அவர்தான். 1956இல் விமானம் விழுந்து அவர் இறந்தார். தொழிலாளிக்கு உரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். தனக்குத் தானே வேலைக்காரனாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று 1960இல் பிரிவி கவுன்சில் விடை சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றமும் அப்பெக்ஸ் இன்ஜினியரிங் வழக்கில், சம்பளம் வாங்கும் நிர்வாக இயக்குநர், தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தின்படி ஊழியரே என்று 1997இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒருவர் முதலாளியாக இருந்துகொண்டே தொழிலாளியாக இருக்கலாம். அந்த வேலை போனால் முதலாளியாக இருந்துகொண்டே வேலையில்லாதவராகவும் ஆகலாம். சட்டத்தின் கணக்கில் இதில் முரண் இல்லை.

தமிழ் நாட்டுக்கு இந்த எண்ணம் கப்பலில் வந்து இறங்கியதல்ல. சோழர் காலச் சிவன் கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நிலம் விற்றவர்கள் பல இடங்களில் சண்டேசுவரர் பெயருக்கு விற்றிருக்கிறார்கள். இறைவன் உடைமையாளர், சண்டேசுவரர் அவர் சார்பில் கைச்சாத்திடுபவர், ஊர்ச்சபையாரும் கோயில் அதிகாரிகளும் வெறும் நிர்வாகிகள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளுக்குச் சொத்தும் கடனும் இருக்கலாம் என்பதை இந்த நாடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏற்றிருந்தது. ஆனால் அதோடு ஒரு தடையையும் சேர்த்தே ஏற்றது. சிவன் சொத்து குல நாசம் என்ற பழமொழி திருடனை மட்டும் பார்த்துச் சொன்னதல்ல; சாவியைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துச் சொன்னது. கோயில் வேறு, நான் வேறு என்று சொல்பவர் கோயில் எண்ணெயில் தன் வீட்டு விளக்கை ஏற்றக் கூடாது.

கம்பெனி வைத்திருப்பவரின் நிலையும் இதுதான். கம்பெனிக்கும் தனக்கும் இடையில் சட்டம் எழுப்பிய சுவரைக் கடன்காரர் வரும்போது காட்டுபவர், கம்பெனிக் கணக்கிலிருந்து வீட்டு மளிகைக்குப் பணம் எடுக்கும்போது மட்டும் அந்தச் சுவரை மறந்துவிட முடியாது. உதவித்தொகை அலுவலகத்தில் அது என் பணம் அல்ல, கம்பெனிப் பணம் என்று சொல்லும் உரிமை, அதை உண்மையிலேயே கம்பெனிப் பணமாக நடத்தியவருக்கே உண்டு. கம்பெனி வண்டியில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, கம்பெனி செலவில் செல்போன் பேசி, சம்பளம் என்ற பெயரில் மட்டும் எதையும் எடுக்காமல் இருப்பவரின் ஏழ்மை வெறும் கணக்கு எழுதும் திறமை.

அடுத்துப் பார்க்க வேண்டியது உதவித்தொகையின் தன்மை. அது இரண்டு வகை, இரண்டுக்கும் அறம் ஒன்றல்ல. முதல் வகை காப்பீடு. இ.எஸ்.ஐ. உறுப்பினர் ஒருவர் வேலை இழந்தால் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் 90 நாள் வரை உதவி உண்டு. 2018இல் இது தொடங்கியபோது சராசரி தினக்கூலியில் 25 விழுக்காடு கிடைத்தது. 2020இல் 50 விழுக்காடாக உயர்ந்தது. ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலை போனவருக்கென 2005 முதல் ராஜீவ் காந்தி பெயரிலான தனித் திட்டமும் இருக்கிறது. இந்தப் பணம் தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கட்டிய சந்தாவிலிருந்து வருவது. கட்டியவர் விதிப்படி வாங்கினால் அது பிச்சையும் அல்ல, சலுகையும் அல்ல. அவர் வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது இங்கே பொருட்டில்லை. வேலை உண்மையில் போயிற்றா என்பதே பொருட்டு.

இரண்டாவது வகை இல்லாமைக்காகத் தரும் உதவி. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகைத் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்கு மூன்று ஆண்டு வரை தருவது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சம்பள வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் எழுதித் தர வேண்டும். 600 ரூபாய்க்கு இவ்வளவு தத்துவமா என்று தோன்றலாம். தொகை சிறிதாக இருப்பதால்தான் கேள்வி தெளிவாகத் தெரிகிறது. பெரிய தொகையானால் ஆசை குறுக்கே வந்து கண்ணை மறைக்கும்.

நீலகிரியின் எமரால்டில் இந்தக் கேள்விக்குத் தனி நிறம் உண்டு. உதகையிலிருந்து பாலாடா வழியாகப் போனால், குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்ப்பரப்புக்கு மேலே தேயிலைச் சரிவுகளும் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு பயிராகும் படிக்கட்டு நிலங்களுமாக இருக்கும் ஊர். பக்கத்து இத்தலாரில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 1965இல் உருவான இண்ட்கோசர்வ் என்ற தலைமைச் சங்கத்தின் கீழ் நீலகிரியில் இப்படிப் பல தொழிற்சாலைகள். சிறு தேயிலை விவசாயிகளே அவற்றின் உறுப்பினர்கள். பச்சைத் தேயிலையை அங்கே கொண்டுபோய்க் கொட்டும் ஒவ்வொரு உறுப்பினரும் சட்டப்படி ஓர் ஆலைக்குப் பங்குதாரர். 1990களின் கடைசியில் இலை விலை சரிந்தபோது, ஆலைக்கே உடைமையாளரான இவர்கள்தான் பறிகூலி கொடுக்க வழியில்லாமல் நின்றார்கள். இப்போது உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. 2003இல் கம்பெனிச் சட்டத்தில் இதற்கென இடம் ஒதுக்கினார்கள். பத்து விவசாயிகள் கூடினாலே ஒரு கம்பெனி பதியலாம். அப்படி ஒன்றில் ஆயிரம் ரூபாய்ப் பங்கு வைத்திருக்கும் பட்டதாரிப் பெண் கம்பெனி உரிமையாளர்தான். அவர் 600 ரூபாய் உதவித்தொகை கேட்டால் குற்றமா? பங்கு வைத்திருப்பதே தடை என்று ஒரே கோடு கிழிப்பவர்கள் இந்த மலைகளை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேயிலை உற்பத்தி மட்டுமே செய்யும் ஆலையைப் பருவகால ஆலை என்று வகைப்படுத்தி, இ.எஸ்.ஐ. சட்டம் நெடுங்காலமாகத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளிகள் 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் இருந்தார்கள். ஆக, வேலை போனால் காப்பீட்டுப் பணம் என்ற முதல் வகை இந்த ஊரின் முக்கியத் தொழிலுக்கு எட்டாமலே போயிற்று. மீந்தது இல்லாமைக்கான சிறு உதவி மட்டும். அதை நம்பியிருப்பவர்கள் நடுவில் தகுதியற்றவர் நுழைவது, மாநகரில் நுழைவதைவிட அதிகம் உறுத்தும்.

சொத்து உள்ளவர் ஏழையாக இருக்க முடியுமா என்பதைச் சமயங்கள் மிகக் கூர்மையாக விவாதித்திருக்கின்றன. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஜகாத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினரைச் சொல்கிறது. வறியவரும் எளியவரும் முதல் இரண்டு. இந்த இருவரை வேறுபடுத்தும்போது ஷாஃபி சட்ட அறிஞர்கள் பதினெட்டாம் அத்தியாயத்தில் வரும் படகுச் சம்பவத்தை எடுத்துக்காட்டினார்கள். அங்கே கடலில் உழைக்கும் சிலரைப் பற்றிய பேச்சு வருகிறது. படகு அவர்களுடையது; ஆயினும் அவர்களை எளியவர் என்றே வேதம் குறிக்கிறது. ஆகவே தொழில் செய்யும் கருவி சொந்தமாக இருந்தாலும், அது தரும் வரவு தேவைக்குப் போதாவிட்டால் அவர் உதவிக்கு உரியவர். அந்தப் படகு வாடகைப் படகாக இருந்திருக்கலாம், இரக்கத்தால் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. ஹனஃபி அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். நிசாப் என்ற அளவுக்கு மேல் உபரி உள்ளவர் வாங்கக் கூடாது. ஆனால் கைவினைஞரின் கருவிகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, விற்பனைச் சரக்கைச் சேர்ப்பார்கள். காயல்பட்டினத்து ஷாஃபிக்கும் உள்நாட்டு ராவுத்தர் ஊர்களின் ஹனஃபிக்கும் கணக்கு மாறும். ஆனால் உழைக்கும் கருவியைச் செல்வமாக எண்ணிவிடக் கூடாது என்பதில் இருவரும் நெருங்கி வருகிறார்கள்.

யூதர்களின் மிஷ்னா இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பதுபோல் தோன்றும். வயலில் ஏழைகளுக்கென விட்ட கதிரைப் பற்றிய பேயா என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயம், 200 சூஸ் காசு உள்ளவர் அதை எடுக்கக் கூடாது என்கிறது. 199 இருந்தால் எடுக்கலாம். அந்த நேரத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து கொடுத்தாலும் வாங்கலாம். வீட்டையும் பாத்திரத்தையும் விற்றுவிட்டு வா என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. அடுத்து வருவதுதான் இங்கே முக்கியம்: வெறும் 50 சூஸ் இருந்தாலும் அதை வியாபாரத்தில் போட்டுப் புரட்டுபவர் எடுக்கக் கூடாது. சும்மா கிடக்கும் 199ஐவிட ஓடிக்கொண்டிருக்கும் 50 பெரிது. மரபுகள் இரண்டையும் அருகருகே வைத்தால் முரண் கரைந்துவிடுகிறது. படகோட்டிக்குப் படகு இருந்தும் வயிறு நிறையவில்லை. வியாபாரிக்கு 50 சூஸ் வயிற்றை நிறைக்கிறது. இரு மரபுகளும் பார்த்தது உடைமையை அல்ல, அது என்ன தருகிறது என்பதை. தன்னிறைவுள்ள செல்வருக்கும் உழைக்கும் வலுவுள்ளவருக்கும் தர்மப் பணம் ஆகுமானதல்ல என்ற நபிமொழியும் இதையே இன்னொரு முனையிலிருந்து தொடுகிறது: உழைக்க வலுவும் இருந்து உழைப்புக்கு இடமும் இருந்தால் தேவை இல்லை.

இந்த இடத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை சொல்லும் விளக்கம் பொருந்தி வருகிறது. உழைக்கத் திறனும் தயார்நிலையும் உள்ளவருக்கு, தக்க வேலை கிடைக்காததால் வருமானம் நின்றுபோன நிலையே வேலையின்மை. தன் கம்பெனிக்காகக் காலை முதல் இரவு வரை உழைத்துச் சம்பளம் எடுக்காதவர் இந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். அவருக்கு வேலை இருக்கிறது, கூலி மட்டும் இல்லை. கணினியில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் இளைஞர், முதல் இரண்டு ஆண்டு வரவையெல்லாம் கம்பெனியிலேயே விட்டுவைத்தால், அவர் வேறு வேலைக்குத் தயாராக இருக்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவர் உதவி கேட்பது பாவமல்ல. வேலையில்லாதவர் என்ற பெயரில் கேட்பதுதான் தவறு. தொழில் தொடங்குபவருக்கென்று வேறு கதவு இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக வேலையற்ற இளைஞருக்கு மானியக் கடன் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசே நடத்துகிறது. வேலையில்லை என்று சொல்லி அந்தக் கதவில் நுழைபவர், நுழைந்த பிறகு பழைய கதவில் கைநீட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன என்பதும் பார்க்கத் தகுந்தது. கனடாவில் ஒரு கம்பெனியின் வாக்குரிமைப் பங்குகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் கட்டுப்படுத்துபவரின் வேலை அங்கே காப்பீட்டுக்குள் வராது. அவரிடம் சந்தாவும் வாங்குவதில்லை. கொடுக்காதவனுக்குக் கொடுப்பதில்லை என்ற இந்த நேர்மை கடுமையானது, ஆனால் குழப்பமற்றது. பிரிட்டனில் 2013இல் வந்த யுனிவர்சல் கிரெடிட் விதிகள், ஒற்றை ஆள் தொழில் போன்ற கம்பெனியானால் சுவரையே இடித்துவிடுகின்றன. கம்பெனியின் வருமானத்தை உரிமையாளரின் வருமானமாகவே கணக்கிடுவார்கள். அவர் அந்தத் தொழிலை நடத்திக்கொண்டிருக்கும்வரை கம்பெனியின் முதலை மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கடையை லிமிடெட் கம்பெனியாக வைத்திருக்கும் லண்டன் தமிழர்களுக்கும் இந்த விதி பொருந்தும். படகை விட்டுவிடு, மீனை மட்டும் எண்ணு என்பதே அதன் சாரம். ஷாஃபி அறிஞர்கள் கேட்டால் தலையசைத்திருப்பார்கள்.

மூன்றாவது கேள்வி வாய்மை பற்றியது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பணிகளின் ஐந்தாம் அத்தியாயம் அனனியா, சப்பிராள் கதையைச் சொல்கிறது. ஆதிச் சபையின் பொது நிதிக்காக நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவந்த தம்பதியர் அதில் ஒரு பகுதியை ஒளித்துவைத்தார்கள். அப்போஸ்தலர் பேதுரு கேட்டதைக் கவனிக்க வேண்டும். நிலம் உன்னுடையது, விற்ற பணமும் உன் கையில்தான் இருந்தது. பின் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். வைத்துக்கொண்டது குற்றமல்ல, முழுவதும் இதுதான் என்று காட்டிக்கொண்டது குற்றம். பொது நிதியின் முன் செய்யும் உறுதிமொழிக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை எந்த வேதத்திலும் இருக்குமா என்பது ஐயம்.

உறுதிமொழி ஆவணத்தில் கம்பெனியைப் பற்றிக் கேட்கவில்லையே, கேட்டதற்கெல்லாம் உண்மைதான் எழுதினேன் என்ற வாதமும் பழையது. கத்தோலிக்க அறநெறியாளர்கள் இதை மனத்துக்குள் நிறுத்திக்கொள்ளும் பேச்சு என்று வகைப்படுத்தினார்கள். வாயால் பாதி சொல்லி, மீதியை மனத்துக்குள் முடித்துக்கொள்வது சரியென்று சிலர் வாதிட்டபோது, 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் அதைக் கண்டித்தார். பாரதக் கதை கேட்ட தமிழருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மகன் அசுவத்தாமன் செத்தான் என்று தந்தையை நம்பவைத்த பேச்சில், அசுவத்தாமன் என்ற யானை செத்ததும் உண்மைதான். ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல. விதி எதை அறிய விரும்புகிறது என்பது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருந்தும், அதையே பேசாமல் விட்டால் அது பொய்யின் வேலையைச் செய்கிறது. விதி அறிய விரும்பாத ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் மௌனம். வேலையும் வருமானமும் இருக்கிறதா என்று கேட்கும் ஆவணத்தில், ஆண்டுக்கணக்காக இயங்காத ஒரு கம்பெனியையோ உற்பத்தியாளர் கம்பெனியின் ஆயிரம் ரூபாய்ப் பங்கையோ எழுதாமல் விட்டது மௌனம்தான். மாதம் இருபதாயிரம் வரவு வரும் கம்பெனியை எழுதாமல் விட்டது அப்படியல்ல.

பௌத்த உரையாசிரியர்கள் கொடாததை எடுத்தலுக்கு ஐந்து உறுப்புகள் வகுத்தார்கள். பொருள் பிறருடையதாக இருக்க வேண்டும். அது பிறருடையது என்று எடுப்பவர் அறிந்திருக்க வேண்டும். எடுக்கும் எண்ணமும், முயற்சியும், எடுத்து முடித்தலும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் குற்றம் முழுமையடையாது. அரசு உதவி தவறாக வாங்கிய வழக்குகளில் நிற்காமல் போவது பெரும்பாலும் இரண்டாவது உறுப்பு. விதி புரியாமல், அலுவலகத்தில் யாரோ சொன்னதை நம்பி வாங்கியவர் பலர். சமண மரபு வேறோர் இடத்தில் கண்டிப்புக் காட்டியது. தத்துவார்த்த சூத்திரம் திருடாமை விரதத்தின் மீறல்களை எண்ணும்போது, திருட்டுப் பொருளை வாங்குதல், பொய் அளவை ஆகியவற்றோடு அரசின் ஒழுங்கை மீறிப் பொருள் சேர்த்தலையும் சேர்த்தது. அரசுப் பணம்தானே, யாருடையதும் இல்லையே என்று சொல்பவருக்கு இது நேரடி மறுப்பு. வள்ளுவரும் வெஃகாமைக்கு ஓர் அதிகாரமும் கள்ளாமைக்கு வேறோர் அதிகாரமும் ஒதுக்கினார். எடுப்பதற்கு முன் எழும் ஆசையே தனிக் குற்றம் என்ற பார்வை அதில் தெரிகிறது.

நடுவில் நிற்கும் நிலைமைகள் சில உண்டு. தொழில் நின்றும் கம்பெனி பதிவேட்டில் உயிரோடு இருப்பது ஒன்று. இந்தியாவில் கம்பெனி தொடங்குவது எளிது, மூடுவது கடினம். வரவே இல்லாவிட்டாலும் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் செயலற்ற கம்பெனி என்ற தகுதியைத் தருகிறது. 2017இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியதே, பெயரளவில் வாழ்ந்தவை எத்தனை என்பதைக் காட்டுகிறது. இப்படிப்பட்ட கம்பெனி சொத்தல்ல, சுமை. அதன் உரிமையாளர் உதவி கேட்பதில் மறைப்பு இல்லையானால் குற்றமும் இல்லை. பெயருக்கு இயக்குநரானவர் இன்னொன்று. அண்ணனோ மாமாவோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, தான் எந்தக் கம்பெனிக்கு இயக்குநர் என்றே தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் உதவி நியாயமானதே. கையெழுத்து வாங்கியவரின் கணக்கு வேறு. ஆனால் இதைத் தலைகீழாகச் செய்து, ஓடும் தொழிலை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு வேலையில்லாதவர் வரிசையில் நிற்பவருக்கு எந்தச் சமயமும் இடம் தரவில்லை. குடும்ப வருமானத்தைக் கேட்கும் தமிழ்நாட்டு விதியும் தரவில்லை.

அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு வேலையின்மையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. அரசின் பொருளாதார வலுவுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. வலு குறைவு என்பதால் தகுதியற்ற ஒவ்வொருவரும் அடுத்தவரின் பங்கைக் குறைக்கிறார். அதைவிடப் பெரிய தீங்கு வேறு. ஒருவர் ஏமாற்றினால் அலுவலகம் அடுத்த ஆண்டு இன்னொரு சான்று கேட்கும். அந்தச் சான்றுக்காக எமரால்டிலிருந்து உதகைக்குப் பேருந்து ஏறி, ஒரு நாள் கூலியை இழப்பவர் ஏமாற்றியவர் அல்ல.

தகுதியில்லாமல் வாங்கிவிட்டவர் செய்ய வேண்டியது பற்றி மரபுகளில் பெரிய வேறுபாடு இல்லை. இறைவனிடம் மன்னிப்புக் கேட்பது பிறர் உரிமையைத் தீர்க்காது என்று இஸ்லாமிய அறிஞர்கள் சொன்னார்கள். திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு நிறைவடையாது என்று கத்தோலிக்க மரபும் சொன்னது. உண்டியலில் போடுவதும் அன்னதானத்துக்குக் கொடுப்பதும் இங்கே ஈடாகாது, ஏனெனில் பணம் யாரிடமிருந்து வந்ததோ அவரிடம் அது போகவில்லை. உரிய இடம் கருவூலம். அறியாமல் வாங்கியவர், வேலையோ வரவோ தொடங்கிய தேதியை எழுத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்தத் தேதிக்குப் பின் வந்ததைக் கட்டிவிட்டால் போதும். அதற்கு முன் வந்தது அவருக்கு உரியது.